மறுமொழி சொல்லும் குளம்

கூப்பிட்டால் உடனே ‘ஓம்’ சொல்லவேண்டும். எழுந்து வரமுடியாவிட்டால் பரவாயில்லை, காதில் விழுந்தது என்றாவது தெரியப்படுத்தவேண்டும். கறண்டக்கா வீட்டில் பழகுவதென்றால் முதலில் இதைப் பழகவேண்டும். ஒருநாள் அவர் அடுப்படியிலிருந்து “பிள்ளை!” என்று கூப்பிட்டபோது நான் பேசாமல் இருந்துவிட்டேன். அகப்பையோடு வந்து நின்றார்.

“உயிரோடைதான் இருக்கிறியோ?”

“நூல் நுனி வாயிலை இருந்தது அக்கா. ஊசியிலை கோக்கிறதுக்கு ஈரமாக்கினனான்.”

“அப்ப ‘ம்’ எண்டு சொல்லியிருக்கலாமே. ‘ம்’ சொல்ல வாய் திறக்கத் தேவையில்லை.”

அதுவும் நியாயம்தான் என்று அதற்குப் பிறகு ‘ம்’ சொல்லப் பழகிக்கொண்டேன்.

அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த நல்ல பெயர் ஒன்று இருந்தது. யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரான உடுவிலில் அதை யாரும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கறண்டும் வயருமாகத் திரிகிறவர் என்பதால் கறண்டக்கா. அப்படிச் சொன்னால் மருதனார்மடம் சந்தையில் மரவள்ளிக் கிழங்கு விற்கிறவருக்கும் தெரியும். வேதக்காரக் குடும்பம். கலியாணம் கட்டவில்லை. தாய் தகப்பன் போன பிறகு அந்தப் பெரிய வீட்டில் தனியாக இருந்தார். எங்களுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலிதான். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எனக்குத் தைக்கத் தெரியும், பயப்படத் தெரியும். தையல் அவருடைய வேலைக்கு உதவியது. பயம் அவருக்குச் சிரிப்பு மூட்டியது. அப்படித்தான் நாங்கள் இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டோம்.

கூப்பிட்டால் மறுமொழி வேண்டும் என்கிற அந்தக் குணம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஓரளவு தெரியும். இளம் வயதில் ரெலிபோன் கந்தோரில் வேலை செய்திருக்கிறார். முன்னால் ஒரு பெரிய பலகை, அதில் வரிசையாகத் துளைகள், ஒவ்வொரு துளைக்கும் ஒரு குட்டி விளக்கு. எங்கோ ஓர் இடத்தில் யாராவது ரெலிபோனைத் தூக்கினால் இங்கே விளக்கு எரியும். இவர் வயரைக் கொழுவி, “ஓம், சொல்லுங்கோ” என்பார். அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அவருடைய வலது கை காற்றில் ஒரு வயரைக் கொழுவும்.

“ஆரெண்டு தெரியாது, முகம் தெரியாது. எங்கையோ இருந்து ஒருத்தர் என்னைத் தேடுறார், இஞ்சை லைற் எரியுது. உதைவிட வடிவான விஷயம் என்ன இருக்கு, சொல்லு பாப்பம்?”

பிறகு தானாகவே இணைத்துக்கொள்கிற இயந்திரம் வந்தது. அவரைப் பைல் அடுக்குகிற அறைக்கு மாற்றினார்கள். யாரும் கூப்பிடாத அறை. அங்கே அவரால் இருக்க முடியவில்லை, வேலையை விட்டுவிட்டார். கந்தோர் கழித்துப்போட்ட பழைய பலகையைக் கேட்டு வாங்கி மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தாராம். நான் கலியாணம் கட்டிப் பக்கத்துக் காணிக்கு வந்தபோது பலகை என்று ஒன்று இருக்கவில்லை. அது துண்டுதுண்டாக அவர் செய்த எல்லாச் சாமான்களுக்குள்ளும் புகுந்திருந்தது.

அவர் செய்தவை அப்படிப்பட்ட சாமான்கள். குரல் கேட்டால் எரியும், ஆள் அசைந்தால் திரும்பும். அதனால் வேறு பிரயோசனம் கிடையாது. சமைக்காது, இறைக்காது, பாட்டுப் போடாது. “என்னத்துக்கு உது?” என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அவர் புகையிலைத் தோட்டம் செய்கிறவர், பிரயோசனம் பார்க்கிறவர். “மறுமொழி சொல்லத்தான்” என்றார் அக்கா. அவரிடம் அதற்குமேல் விளக்கம் இருந்ததாகத் தெரியவில்லை.

கறண்ட் ஒழுங்காக வந்த காலத்தில் ஒருமுறை தேவாலயத்துக் கிறிஸ்மஸ் ஒளிவிழாவுக்குப் பனங்கூடல் ஒன்று செய்தார். ஒரு சுவர் அகலத்துக்கு வெள்ளைத் துணி. அதில் நான் கறுப்புத் துணியில் வெட்டிய பனைகளைத் தைத்தேன். பின்னால் பல்புகள். பாடகர் குழுவுக்கு முன்னால் ஒரு மைக் தொங்கியது. மெல்லப் பாடினால் பனைகளின் அடியைச் சுற்றி மட்டும் துணி சிவக்கும். குரல் ஏற ஏற வெளிச்சம் மரத்தில் ஏறும், ஓலை விரிகிற வட்டுக்குப் போகும். எல்லாரும் சேர்ந்து உச்சத்துக்குப் போனால்தான் மேலே இருக்கிற நட்சத்திரம் எரியும். நான் சைவக்காரி, கடைசி வாங்கிலில் இருந்தேன். வயர் தீப்பற்றினால் எந்தக் கதவால் ஓடுவது என்று பார்த்து வைத்திருந்தேன்.

குழு எவ்வளவு பாடியும் நட்சத்திரம் எரியவில்லை. பாட்டு முடிந்து போதகர் ஜெபம் தொடங்கினார். சபை கண்ணை மூடி அமைதியானது. போதகருக்கு இருமல். ஒரே இருமலில் அடியிலிருந்து வட்டு வரைக்கும் எல்லாப் பனையும் எரிந்து நட்சத்திரம் பளீரென்றது. கண்ணை மூடாத சின்னப் பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். அவர் அடக்கப் பார்த்தார், இன்னும் இருமினார், நட்சத்திரம் மினுங்கி மினுங்கி எரிந்தது. பிறகு சபை முழுக்கச் சிரித்தது.

வெளியே வந்ததும் போதகர் கோபத்தோடு கேட்டார்.

“பாட்டுக்கு எரியாத நட்சத்திரம் இருமலுக்கு எரியுறதோ?”

“ஐயா, அது ஆற்றை குரலெண்டு பாக்காது. அதுதான் எனக்கு அதிலை விருப்பம்.”

கடைசிப் பாட்டில் நட்சத்திரம் எரியத்தான் செய்தது. குழுவில் ஒரு பொடியன் இருந்தான், குரல் உடைகிற வயது. மற்றவர்களை விட்டுவிட்டுத் தனியாக உச்சிக்குப் போனான். எரிந்ததும் பாடுவதை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்து பார்த்தான். நட்சத்திரம் அணைந்தது. உடனே திரும்பவும் பாடினான். அக்கா என் முழங்கையில் இடித்தார். “பாத்தியோ, ரெண்டாந்தரமும் கேக்கிறான். உவன் நல்லவன்.”

மனிதரை அளக்க அவரிடம் இருந்த ஒரே அளவு அதுதான். அதை நான் அவர் வீட்டு வாசலில்தான் முழுதாக விளங்கிக்கொண்டேன். வாசல் நிலைக்கு மேலே ஒரு காகம் இருந்தது, பால்மாப் பேணித் தகரத்தில் வெட்டிக் கறுப்புப் பூசிய காகம். நிலையின் ஒரு பக்கம், கையில் பிடிக்கிற ரோச்சுக்குப் போடுகிற குட்டிப் பல்ப் ஒன்று எரியும். மற்றப் பக்கம் பருப்பளவில் ஒரு கண்ணாடிக் கண், வல்வெட்டித்துறைக் கப்பற்காரர் ஒருவர் ஏதோ துறைமுகத்தில் வாங்கிவந்து கொடுத்தது. வெளிச்சம் எந்நேரமும் அந்தக் கண்ணில் விழுந்துகொண்டிருக்கும். ஆள் குறுக்கே போனால் மறைபடும். காகம் ‘டக்’கென்று கழுத்தைத் திருப்பி ஆளைப் பார்க்கும். முதல்நாள் நான் வைத்த சத்தத்தில் என் வீட்டுக்காரர் தோட்டத்து மண்வெட்டியோடு வேலிக்கு வந்துவிட்டார்.

“ஏன்ரி கத்துறாய்? அது உன்னைக் கண்டிட்டுது. அவ்வளவுதான்” என்று அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ஒருதரம் கடந்து போகிறவர்கள் உண்டு. திரும்பிப்போய் இன்னொருதரம் கடந்து பார்க்கிறவர்கள் உண்டு. அக்காவின் கணக்கில் உலகத்தில் இந்த இரண்டு சாதிதான். என் வீட்டுக்காரர் ஒருதரம் கடந்து, “கறண்ட் வீண்” என்றார். அதற்குப் பிறகு அக்கா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தாரே தவிர வேறு பேச்சு வைத்துக்கொள்ளவில்லை.

பிறகு ஆமிக்காரர் வீடுவீடாகச் சோதனை போட்ட காலம் வந்தது. வயர் வைத்திருந்தாலே பிடித்துக்கொண்டு போவார்கள் என்று கதை. “கழட்டி வையுங்கோ அக்கா, உங்கடை காலைப் பிடிக்கிறன்” என்று அழாத குறையாகச் சொன்னேன். “அவங்களும் ஆக்கள்தானே. வந்தா காகம் பாக்கட்டும்” என்றார். வந்தார்கள். முன்னால் வந்த மீசைக்காரன் வாசலைக் கடந்ததும் காகம் திரும்பியது. அவன் துவக்கை நிமிர்த்தினான். நான் உரலுக்குப் பின்னால் குந்திவிட்டேன்.  அவன் காகத்தைப் பார்த்தான், மெல்லப் பின்னால் போனான், மறுபடி கடந்தான். காகம் திரும்பியது. பல்லெல்லாம் தெரியச் சிரித்து, வெளியே நின்ற இன்னொருவனைக் கூப்பிட்டு, திரும்பவும் கடந்து காட்டினான். அவர்கள் போன பிறகு உரலுக்குப் பின்னாலிருந்து எழும்பிய எனக்கு அக்கா சொன்னது: “அந்த மீசை வைச்சவன் மூண்டுதரம் கடந்தவன், கண்டியோ?”

எனக்கு அது சிரிப்பாக இல்லை. துவக்கு வைத்திருப்பவனுக்கும் பாட்டுப் பாடுகிற பொடியனுக்கும் ஒரே கோலால் அளவெடுக்கலாமா என்று மனதுக்குள் உறுத்தியது. அளவு பிழையாகிப்போகும் ஒருநாள் வரும் என்று நினைத்தேன். நான் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் நினைக்கிறவள் என்பதால் அதை நானே பெரிதாக எடுக்கவில்லை.

சண்டை திரும்பத் தொடங்கியதோடு கறண்ட் நின்றது. ஒரு நாள், ஒரு கிழமை என்று பார்த்துப் பார்த்து, பிறகு அது வரவே போவதில்லை என்று ஆனது. அரசாங்கம் பற்றறி உள்ளே விடாது, மண்ணெண்ணெய் விடாது. ஜாம் போத்தலில் திரி போட்டு எரித்தோம். காகம் எங்கேயோ சுவரைப் பார்த்தபடி நின்றுவிட்டது.

அந்த மாதங்களில் அக்காவைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. ஒரு இடத்தில் இருக்கமாட்டார். வாசலைக் கடந்து காகத்தை அண்ணாந்து பார்ப்பார். மேசையை அறையின் அந்த மூலைக்குத் தள்ளுவார், பின்னேரம் இந்த மூலைக்கு இழுப்பார். கிணற்றுக் கட்டில் குனிந்து “ஓய்!” என்று கூப்பிடுவார். கிணறு “ஓய்” என்னும். “ஆரப்பா?” என்பார். அது “அப்பா” என்னும். ஒருநாள் அப்படிக் கூப்பிட்டுக்கொண்டு நின்றவர் திடீரென்று நிமிர்ந்து வேலிக்கு ஓடிவந்தார்.

“பிள்ளை, உன்ரை வீட்டுக்காரற்றை சைக்கிளுக்கு டைனமோ இருக்கோ?”

இப்படித்தான் குளம் வந்தது.

கோதுமை மாச்சாக்குகளை அவிழ்த்து, தோய்த்து, உடுப்புக்குப் போடுகிற நீலத்தில் முக்கி, ஒரு அறை நிறைகிற வட்டமாகத் தைத்தேன். அடிப்பக்கம் வளையம் வளையமாகப் பைகள். அந்தப் பைகளுக்குள் ரோச் பல்புகளும் பேணித் தகடுகளும், நடுவில் ஒளிவிழாவின் பழைய மைக்கும். நடுவில் கூப்பிட்டால், கூப்பிட்ட இடத்திலிருந்து வெளிச்சம் ஒரு வளையமாகத் தொடங்கி, அடுத்த வளையத்துக்குப் பரவி, கரைக்குப் போய் மறையும். மெல்லக் கூப்பிட்டால் பாதியில் நின்றுவிடும். கால் வைத்தாலும் அப்படித்தான், கல் போட்ட குளம் மாதிரி. கறண்டுக்கு ஒருத்தர் மூலையில் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி மிதிக்கவேண்டும். அந்த ஒருத்தர் நான்.

பின்னேரங்களில் வாசிகசாலையில் யன்னலுக்குச் சாக்குக் கட்டிவிட்டு அதை விரிப்போம். ஊர் வந்தது. முதலில் பிள்ளைகள், பிறகு தாய்மார், பிறகு ‘பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போக வந்தனாங்கள்’ என்று தகப்பன்மார். ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைக் கூப்பிட்டார்கள். நாயின் பெயர், முருகனின் பெயர், கடன் கொடுக்காத கடைக்காரரின் பட்டப்பெயர். ஒரு மனிசி மகனின் பெயரைக் கூப்பிட்டா. அவன் எங்கே போனான் என்று ஊரில் யாரும் அவவிடம் கேட்பதில்லை. வளையம் கரைக்குப் போய் மறைந்தது. இன்னொருதரம் கூப்பிட்டா. யாரும் அவவை அவசரப்படுத்தவில்லை. வானத்தில் குண்டு போடுகிற பிளேன் ஏதும் இரையுதோ என்று ஒரு காதால் கேட்டுக்கொண்டு நான் மிதித்தேன்; எனக்குக் கால் நடுங்கினால் குளமும் நடுங்கும்.

“குளம் ஏன் கூதலடிச்ச மாதிரி நடுங்குது?” என்று பிள்ளைகள் கேட்பார்கள்.

“மிதிக்கிறவ பயந்தாங்கொள்ளி” என்று அக்கா சொல்லுவார்.

அண்மையில் வெளிநாட்டில் ஒரு பெரிய கடைத்தொகுதியில், தரையில் வெளிச்சத்தாலேயே ஒரு தடாகம் காட்டியிருந்தார்கள். பிள்ளைகள் குதித்தால் மீன்கள் விலகி ஓடின. கொம்பியூட்டர் செய்கிறது என்று என் பேத்தி சொன்னாள். நான் மூலை மூலையாகப் பார்த்தேன், மிதிக்கிற ஆள் எங்கே என்று.

எல்லாருக்கும் குளம் பிடித்தது, அக்காவைத் தவிர. “உது குளமில்லை பிள்ளை. அலை கரையிலை பட்டுத் திரும்பி வரவேணும். வந்தாத்தான் குளம். உன்ரை கால் அதுக்குக் காணாது, ஒரு நல்ல பற்றறி வேணும்” என்றார். அந்த நாளில் அது சந்திரனை இறக்கித் தா என்பது மாதிரி.

பற்றறி தானாக வந்தது. ஒரு மத்தியானம், ஆமியோடு சண்டை பிடிக்கிற இயக்கப் பொடியள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் மூக்குக்கண்ணாடி போட்டவன், முன்பின் தெரியாது. மற்றவனை எனக்குத் தெரிந்தது. ஒளிவிழாவில் நட்சத்திரத்தை எரித்த பொடியன். வளர்ந்து ஒடுங்கிப்போயிருந்தான். நான் அடுப்படியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு காதைக் கொடுத்தேன்.

“என்ன தம்பி, இப்பவும் பாடுறனியோ?” என்று அக்கா அவனைக் கேட்டார்.

“நேரம் எங்கையக்கா.”

கண்ணாடிக்காரன் நேரே விஷயத்துக்கு வந்தான். “அக்கா, உங்கடை குளத்தை வாசிகசாலையிலை பாத்தனான். கால் வைச்சா எரியுது. நல்ல வேலை.”

“கூப்பிட்டாலும் எரியும். நீர் கூப்பிட்டுப் பாத்தனீரோ?”

“இல்லை. எங்களுக்குக் கால்தான் தேவை. ஒழுங்கையாலை ஆள் நடந்தாத் தெரியவேணும். அவ்வளவுதான். லைற் எரியத் தேவையில்லை.”

“லைற் எரியாட்டி, பேந்து என்ன செய்யும்?”

அவன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

“தம்பி, நான் உம்மைக் கேட்டனான்.”

“லைற் இருக்கிற இடத்திலை நாங்கள் வேறை ஒண்டைக் கொழுவுவம் அக்கா.”

நான் தேத்தண்ணித் தட்டோடு வந்துகொண்டிருந்தேன்.  ஏதாவது சொல்லித் தப்பிவிடுங்கோ, தெரியாது என்று சொல்லுங்கோ, சாமான் இல்லை என்று சொல்லுங்கோ என்று மனதுக்குள் மன்றாடினேன்.  அக்கா, ஏதோ அளவு கேட்கிற தையற்காரி மாதிரிக் கேட்டார்.

“அப்பிடிக் கொழுவினா அது எத்தினைதரம் மறுமொழி சொல்லும்?”

“விளங்கேல்லை.”

“ஒருக்காத்தானே?”

“ஒருக்காப் போதும் அக்கா.”

“அப்ப நான் செய்யேன். ரெண்டாந்தரமும் மறுமொழி சொல்லாத சாமானை நான் இதுவரைக்கும் செய்யேல்லை. இனியும் செய்யேன்.”

பாட்டுக்காரப் பொடியன் தலையைக் குனிந்துகொண்டான். கண்ணாடிக்காரன் கோபிக்கவில்லை.  அவன் வெளியே போய்ச் சைக்கிள் கரியரிலிருந்து ஒரு சாக்கை அவிழ்த்து, கனத்தைத் தாங்கிக் கொண்டுவந்து மண்டபத்தில் வைத்தான். லொறிப் பற்றறி.

“யோசியுங்கோ. நாங்கள் அவசரப்படுத்தேல்லை. கறண்ட் இல்லாமல் நீங்கள் படுற பாடு தெரியும். உது இஞ்சை இருக்கட்டும்.”

அவர்கள் போன பிறகு அக்கா அதன்மேல் ஒரு மேசைச்சீலையை விரித்தார். சீலையோடு அது ஏதோ பலகாரப் பெட்டி மாதிரி இருந்தது. எனக்கு அன்றிலிருந்து நித்திரை இல்லை. விடிய எழும்பியதும் வேலியால் எட்டிக் கேட்பேன்.

“அக்கா, உதைத் தொடேல்லைத்தானே?”

“ஆர் தொட்டது?”

“தொட்டா அவங்களுக்குச் செய்து குடுக்கத்தான் வேணும். விளங்குதோ?”

“தொடேல்லை எண்டு சொல்லுறன். பாத்துக்கொண்டிருக்கிறன். பாக்கிறதும் குத்தமோ?”

அவர் பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றி நடந்தார். சீலையைச் சரிசெய்கிற சாட்டில் கையை அதன்மேல் வைத்தார். குளத்தை வாசிகசாலையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து, ஏதோ பழுது பார்க்கிறேன் என்று மண்டபத்தில் விரித்தார். எனக்கு அப்போதே தெரிந்திருக்கவேண்டும்.

ஒரு பின்னேரம் “பிள்ளை!” என்று ஒரு சத்தம். எப்போதும் கூப்பிடுகிற மாதிரி இல்லை. “ஓம்! ஓம்!” என்று கத்திக்கொண்டே ஓடினேன். வாசலைக் கடக்கும்போது தலைக்கு மேலே ‘டக்’ என்றது. நின்று பார்க்க நேரமில்லை. கதவுச்சீலைகளை இழுத்துவிட்டு மண்டபத்தை இருட்டாக்கியிருந்தார்.

“கூப்பிடு” என்றார்.

அப்போதுதான் யோசித்தேன், நான் அந்தக் குளத்தை ஒருநாளும் கூப்பிட்டதில்லை. எந்நேரமும் மிதித்துக்கொண்டிருந்தவள். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று வாயில் வரவில்லை.

“அக்கா!” என்றேன்.

நடுவில் ஒரு வளையம் பிறந்தது. நடுக்கமில்லாத வெளிச்சம். அடுத்ததற்குப் போனது, அடுத்ததற்குப் போனது, கரையைத் தொட்டது. தொட்டு ஒரு கணம் நின்றது. பிறகு திரும்பியது. உள்ளே, உள்ளே, என் காலடிக்கு வந்து சேர்ந்தது. நான் பயப்பட மறந்துபோன நேரங்கள் என் சீவியத்தில் குறைவு. அது ஒன்று.

“வந்ததோ? வந்ததோ இல்லையோ?” என்று அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினார். “காகமும் முழிச்சிட்டுது, கண்டியோ?”

கண்டேன். பற்றறியிலிருந்து இரண்டு வயர் குளத்துக்கும் இரண்டு வயர் வாசலுக்கும் போய்க்கொண்டிருந்தன. பயம் திரும்பி வந்தது.

“அக்கா, அவங்கள் வந்தா என்ன சொல்லுவியள்?”

“பற்றறியைத் திருப்பிக் குடுப்பன். கொஞ்சம் இறங்கியிருக்கும். அதுக்கு முதல் ஒருக்காக் குளத்தைக் கூப்பிட்டுப் பாக்கச் சொல்லுவன். அந்தக் கண்ணாடிப் பொடியன் இன்னும் கூப்பிடேல்லை, அதுதான் அவனுக்கு விளங்கேல்லை. கூப்பிட்டானெண்டா விளங்கும்.”

உண்மையாகவே அப்படி நம்பினார். சொன்னேனே, அவரிடம் இருந்தது அந்த ஒரு அளவுதான்.

அவர்கள் வந்தபோது நானும் அங்கேயிருந்தேன். குளத்தின் ஓரம் பிரிந்திருந்தது, தைத்துக்கொண்டிருந்தேன். கண்ணாடிக்காரன் முன்னால், பாட்டுக்காரப் பொடியன் பின்னால். வாசலைக் கடந்ததும் காகம் ‘டக்’கென்று திரும்பியது. கண்ணாடிக்காரன் நின்றான். அண்ணாந்து பார்த்தான். நான் அவனுடைய கால்களையே பார்த்தேன். பின்னால் போ, இன்னொருதரம் கட, கட என்று எனக்குள்ளே சொல்லிக்கொண்டேன். அவன் கடக்கவில்லை. குந்தியிருந்து நிலையின் இரண்டு பக்கமும் தடவினான். பல்பைக் கையால் மறைத்தான். காகம் திரும்பியது. கையை எடுத்தான். அந்தப் பருப்பளவு கண்ணை நகத்தால் தொட்டான்.

“அக்கா,” என்றான். குரலில் உண்மையான மரியாதை இருந்தது. “நீங்கள் செய்து முடிச்சிட்டியள்.”

“அது காகம்” என்றார் அக்கா.

“ஓம், காகம்தான்.”

“தம்பி, உது எத்தினையோ வருஷமா இதிலை இருக்கு. உங்களுக்கெண்டு செய்ததில்லை. இஞ்சை வாரும், உள்ளுக்கை வந்து ஒருக்காக் குளத்தைக் கூப்பிட்டுப் பாரும். ஒரே ஒருக்கா.”

அவன் சேர்ட் பையிலிருந்து சின்னத் திருப்புளி ஒன்றை எடுத்துவிட்டான். ஆணி ஆணியாகக் கழற்றினான். பல்ப், கண், அவற்றுக்குப் பின்னால் பேணிக்குள் இருந்த வயர்க்கட்டு. எதையும் உடைக்கவில்லை. தையல் பிரிக்கிறவள் மாதிரிப் பக்குவமாக எடுத்தான்.

“அதை வையும்!” அக்கா கிட்டப் போனார். “வையும் எண்டு சொல்லுறன். கேக்குதோ?”

அவனுக்குக் கேட்டது. மறுமொழி சொல்லவில்லை. அக்கா மற்றவனிடம் திரும்பினார்.

“தம்பி, நீ சொல்லு. நட்சத்திரம் எரிஞ்சதை நீ கண்டனீ. நீ சொல்லு உவனுக்கு.”

அவன் வாசற்படியைப் பார்த்துக்கொண்டு நின்றான். “நான் சொல்லி ஒண்டும் இல்லையக்கா” என்றான். அந்தப் பெரிய குரல் அவ்வளவு சின்னதாக வந்தது. மண்டபத்தில் குளத்தின் நடுவில் ஒரே ஒரு வளையம் மங்கலாக எரிந்து, அடுத்ததற்குப் போகாமல் அணைந்தது. அவன் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு வெளியே இறங்கி நடந்தான்.

நான் பாய்ந்துபோய் வயரைக் கழற்றி, பற்றறியை இழுத்து வாசலுக்குக் கொண்டுவந்தேன். அந்தக் கனத்தை எப்படி இழுத்தேனோ தெரியாது. “இந்தாங்கோ, உங்கடை சாமான், கொண்டு போங்கோ” என்றேன். பற்றறியாவது திரும்பிப் போகட்டும், நாங்கள் அவர்களிடம் ஒன்றும் வாங்கவில்லை என்றாகும் என்று.

கண்ணாடிக்காரன் பேணியைச் சாக்கில் சுற்றிக்கொண்டே சிரித்தான். நல்ல சிரிப்பு.

“வைச்சிருங்கோ அக்கா. பிள்ளையளுக்குக் குளத்தைக் காட்டுங்கோ.”

அக்கா அதற்குப் பிறகு குளத்தைக் கொழுவவில்லை. பற்றறியைக் கோடிப்புறத்தில் வைத்து ஒரு கடகத்தால் மூடினார். வாசிகசாலைப் பிள்ளைகள் வந்து கேட்டார்கள். பழுது என்று அனுப்பினார். காகத்தின் கழுத்து கடைசியாக எந்தப் பக்கம் திரும்பியதோ அந்தப் பக்கமே நின்றது.

அந்த நாட்களில் வெடிச்சத்தம் கேட்காத நாள் ஏது? செல் அடிப்பார்கள், குண்டு போடுவார்கள். எனக்கு ஒவ்வொன்றும் பிரித்துத் தெரியும், பயந்தவளுக்குக் காது கூர்மை. ஆனால் சிலவேளை வடக்குப் பக்கமோ கிழக்குப் பக்கமோ தூரத்தில் ஒரு வெடி கேட்கும். ஒரேயொரு வெடி. முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அப்போது அக்கா செய்துகொண்டிருக்கிற வேலையை விட்டுவிட்டுத் தலையைச் சாய்ப்பார். அடுத்தது வருகிறதா என்று காத்திருப்பார். வராது.

“பிள்ளை, உது என்ரையோ? காகத்தின்ரை கண் வைச்சதோ?”

“இல்லையக்கா.”

எனக்கு எப்படித் தெரியும்? அரிசி வேகுமா வேகாதா என்பதற்கே மூன்று தரம் யோசிக்கிறவள் நான். அந்தக் கேள்விக்கு மட்டும் யோசித்ததில்லை. கொஞ்சம் பிந்தினாலும் அவருடைய முகம் போகிற போக்கை ஒருமுறை பார்த்துவிட்டேன். வேலிக்கு இந்தப் பக்கம் குளித்துக்கொண்டு நின்றாலும், சோறு வாயில் இருந்தாலும், கேள்வி வந்து முடியமுன் “இல்லையக்கா” என்பேன்.

கடைசியில் அவரே குளத்தைப் பிரித்துப் பிள்ளைகளுக்குச் சட்டை தைக்கச் சொன்னார். பல்புகளையும் தகடுகளையும் எடுத்துவிட்டு, துணியைத் தோய்த்து நீலம் போக்கினோம். ஒரு நுனியை அவரும் ஒரு நுனியை நானும் பிடித்து உதறிக்கொண்டிருந்தோம். பின்னேரம். மஞ்சள் வெயில். தூரத்தில் ஒரு வெடி.

துணி நடுவில் தொய்ந்தது. அவர் தலையைச் சாய்த்தார். காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை.

“உது என்ரையோ?”

“இல்லையக்கா.”

வழமையில் அதோடு விட்டுவிடுவார். அன்றைக்குத் துணி நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

“இன்னொருக்காச் சொல்லு” என்றார்.

சொன்னேன்.